‘தரிசு’ நிலத்தில் பூத்த பூ: செங்கல்பட்டில் நீங்கள் எடுக்கும் ஒரு போட்டோ ஏன் ஆவணமாகிறது?

பங்குனி பிறந்தால் போதும், இன்ஸ்டாகிராமில் மஞ்சள் கொட்ட ஆரம்பித்துவிடும். சரக்கொன்றை மரத்தடியில் ஒரு ரீல்ஸ், ஜிஎஸ்டி சாலையோர வாகை மரத்தடியில் ஒரு செல்ஃபி, பெங்களூருவில் தபேபுயா பூத்துவிட்டது என்று அங்கிருந்து ஒரு வரிசை. ஜப்பான் செர்ரிப் பூக்களின் வீடியோவும் இடையில் வந்து போகும். கீழே கமென்ட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்டிருப்பார்: “நம்ம ஊர்ல எல்லாம் ஸ்பிரிங்கே கிடையாதா?”

இருக்கிறது. சொல்லப்போனால், சென்னைக்காரர்கள் வார இறுதியில் கடந்து போகும் செங்கல்பட்டின் பெயரிலேயே ஒரு பூ ஒளிந்திருக்கிறது. செங்கழுநீர்ப்பட்டு என்பதுதான் பேச்சில் தேய்ந்து செங்கல்பட்டு ஆனது என்பது ஊர்ப் பெயருக்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 29 அன்று தனி மாவட்டமான இந்த நிலத்தில் ஒரு பக்கம் முட்புதர்க் காடு, சிறு குன்றுகள், ஏரிகள். இன்னொரு பக்கம் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று ஆலம்பறைக் கோட்டை வரைக்கும் நீளும் கடற்கரை. இரண்டு பக்கத்திலும் பூ உண்டு.

சிக்கல் எங்கே என்றால், இந்தப் பூக்கள் பூக்கிற இடங்களில் பெரும்பாலானவை அரசாங்க ஏட்டில் ‘ஒன்றுமில்லாத இடம்’. தரிசு, புறம்போக்கு, மேய்க்கால், மணல்வெளி. ஒன்றுமில்லாத இடத்தில் எதை வேண்டுமானாலும் கட்டலாம் என்று யாருக்கும் தோன்றும். அங்கே என்ன இருந்தது என்று சொல்ல, சில சமயம் ஒரு போட்டோதான் மிஞ்சுகிறது.

இங்கே வசந்தம் எப்போது?

ஐரோப்பாவில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பனி விலகியதும் தரையெல்லாம் பூ விரியும். அதே காட்சியை அதே மாதத்தில் திருக்கழுக்குன்றம் பக்கம் தேடினால் காய்ந்த புல்தான் கிடைக்கும். காரணம் எளிது. இந்தக் கரையோர மாவட்டங்களுக்கு ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவமழையில்தான் வருகிறது. தரையில் முளைக்கும் சின்னச் செடிகளுக்கு அந்த ஈரம்தான் உயிர். எனவே இங்கே காட்டுப்பூக்களின் பருவம் இரண்டாகப் பிரிகிறது: மழைக்குப் பின்னால் செடி, கொடிகள், வெயில் ஏற ஏற மரங்கள்.

ஐப்பசியில் தொடங்கி தை வரைக்கும் தரையைப் பார்த்து நடக்க வேண்டிய காலம். வேலியோரம் செங்காந்தள் ஏறியிருக்கும். தமிழ்நாட்டின் மாநில மலர் இது. பச்சையாகத் தொடங்கி மஞ்சளாகி, கடைசியில் நெருப்பாகச் சிவக்கும். அழகில் மயங்கி யாரும் வாயில் வைத்துவிடக் கூடாது, கிழங்கு முதல் விதை வரை விஷம். அதே ஈரத்தில் தும்பை, விஷ்ணுகிராந்தி, கிளுகிளுப்பை, முடக்கத்தான். விஷ்ணுகிராந்தியின் நீலப் பூ சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது. குனியாதவர்களுக்கு அது கடைசிவரை தெரியாது.

தை, மாசியில் ஆவாரை தகதகக்கும். கொங்கு பக்கம் பொங்கலுக்குக் காப்புக் கட்ட வீட்டு வாசலுக்கு வரும் அதே ஆவாரம்பூ, இங்கே ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் தானாக நிற்கிறது. மாசி கடைசியில் புரச மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு செந்நிறத்தில் பூக்கும். சென்னையின் புரசைவாக்கம் பெயர் வாங்கியது இந்த மரத்திடம்தான். இன்றைக்கு புரசைவாக்கத்தில் ஜவுளிக்கடை தேடுவது சுலபம், புரச மரம் தேடுவது கஷ்டம்.

பங்குனி முதல் வைகாசி வரை அண்ணாந்து பார்க்கும் காலம். வேம்பு, புங்கம், கொன்றை என்று வரிசையாக வரும். மண் வறண்டு கிடக்கும்போது மரம் ஏன் பூக்கிறது என்று கேட்கலாம். மரத்தின் வேர் ஆழத்தில் நீரைத் தேடிக்கொள்ளும். இலை உதிர்ந்த கிளையில் பூ தெளிவாகத் தெரியும், வண்டுக்கும் தேனீக்கும் வேலை எளிது. வேம்பு போன்றவற்றுக்கு இன்னொரு லாபம், கோடையில் பூத்தால் மழை நெருங்கும்போது விதை தயார்.

இந்தப் பருவத்தில் தவறவிடக் கூடாதது காயா. ‘காயாம்பூ வண்ணன்’ என்று திருமாலைச் சொல்கிறோமே, அந்தக் காயா. ஊர்ப்பக்கம் காசான் என்பார்கள். கோடை மழை ஒன்று விழுந்ததும் கிளையை ஒட்டியே நீலமும் ஊதாவும் கலந்து கொத்துக்கொத்தாகப் பூக்கும். சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைக் காடு என்றொரு காட்டு வகை உண்டு. குட்டையான மரங்கள், தடித்த இலை, கோடையிலும் பச்சை. அதன் அடையாள மரங்களில் காயாவும் ஒன்று. இந்தக் காடு இன்று கோயில் காடுகளிலும் சில காப்புக் காடுகளிலும் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

அந்த இடத்துக்கு ஏட்டில் என்ன பெயர்?

மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் நிலவளத் துறையும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய தொலை உணர்வு மையமும் சேர்ந்து ‘வேஸ்ட்லேண்ட் அட்லஸ்’ என்ற வரைபடத் தொகுப்பை வெளியிட்டு வருகின்றன. நாட்டில் எவ்வளவு நிலம் ‘பயனற்று’ கிடக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கணக்கெடுக்கும் வேலை. 2019இல் வந்த பதிப்பில் 23 வகைகள். அவற்றில் அடர்ந்த புதர் நிலம், திறந்த புதர் நிலம், கடலோர மணல் ஆகியவையும் உண்டு.

அதாவது ஆவாரையும் காந்தளும் நிற்கிற புதர் நிலமும், அடும்பு படர்ந்த மணலும் அந்தக் கணக்கில் ‘வேஸ்ட்’.

இதே 2019இல், ஜனவரி 18 அன்று, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. அதில் மணல்மேடுகள் எந்தப் பட்டியலில் வருகின்றன தெரியுமா? அலையாத்திக் காடு, பவளப்பாறை, ஆமைகள் முட்டையிடும் கரை இவற்றோடு சேர்த்து, மிக அதிகப் பாதுகாப்புத் தேவைப்படும் முதல் வகையில். ஒரு துறைக்குப் பயனற்ற மணல், இன்னொரு துறைக்குத் தொடக் கூடாத மணல். இரண்டும் ஒரே அரசின் தாள்கள்.

சட்டம் இருக்கிறதே, பிறகென்ன கவலை என்று தோன்றலாம். வரைபடத்தில் ஓரிடம் மணல்மேடு என்று குறிக்கப்பட்டால்தான் அந்தப் பாதுகாப்பு அங்கே இறங்கும். இடுப்பளவு உயரமுள்ள மணல்மேட்டை ஜேசிபி அரை நாளில் சமன்செய்துவிடும். சமன்செய்த பிறகு அளக்க வருபவருக்கு அங்கே தெரிவது ‘வெறும் மணல்’. புதர் நிலத்துக்கு இந்தச் சட்டக் குடைகூடக் கிடையாது. காப்புக் காட்டு எல்லைக்கு வெளியே இருந்தால், பிளாட் கற்கள் நடப்பட்ட பிறகு அதைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. மாமல்லபுரம் முதல் புதுச்சேரி வரை கிழக்குக் கடற்கரைச் சாலை நான்குவழியாகும் வேலையும் இதே கரையில்தான் நடந்துவருகிறது. சாலை அகலமானால் இருபுறமும் நில விலை எப்படி நகரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே மாவட்டத்தின் கடம்பூரில், பிரிட்டனின் புகழ்பெற்ற கியூ தாவரவியல் தோட்டத்தின் துணையோடு பெரிய தாவரவியல் பூங்கா அமைக்கும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் வேலிக்குள் நட்டு, பெயர்ப்பலகை மாட்டப்போகும் செடிகளில் எத்தனை, இன்று வேலிக்கு வெளியே பெயரில்லாமல் நிற்கின்றன என்ற கணக்கும் அதோடு சேர்ந்து எடுக்கப்பட வேண்டும்.

கடற்கரையில் ஒரு கொடி என்ன செய்துவிடும்?

மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் கடற்கரைக் கோயிலை எடுப்பார்கள், அர்ச்சுனன் தபசை எடுப்பார்கள், வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுவது போல ஒரு போட்டோ எடுப்பார்கள். 1984 முதல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னம், எடுக்க வேண்டியதுதான். காலடியில் கிடக்கும் ஊதாப் பூவை எடுப்பவர்கள் குறைவு. அது அடும்பு. அடப்பங்கொடி, ஆட்டுக்கால் கொடி என்றும் பெயர். இலையைப் பார்த்தால் ஆட்டுக் குளம்பு பதிந்த மாதிரி நடுவில் பிளந்திருக்கும்.

சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்தைக் கண்முன் கொண்டுவர இந்தக் கொடி போதும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் அடும்பும் இருக்கிறது. ஆவிரை, கொன்றை, தாழை, புன்னை, தும்பை, நெய்தலும் இருக்கின்றன. கல்லூரியில் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்த தமிழ் மாணவர்கள் ஏராளம். அவர்களில் எத்தனை பேர் அடும்பை நேரில் பார்த்து அடையாளம் சொல்வார்கள் என்பது வேறு கேள்வி.

அடும்பின் வேலை மணலைப் பிடிப்பது. தரையோடு ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விடும். காற்றில் வரும் மணல் அதன் இலைகளில் தடுக்கி நிற்கும். பக்கத்திலேயே ராவணன் மீசை என்ற முள்ளுப்புல் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். இப்படிக் கை கையாகச் சேர்ந்ததுதான் மணல்மேடு. புயல் நேரத்தில் அலையின் முதல் அடியை வாங்குவது அது. மழைநீரை உறிஞ்சிக் கீழே நல்ல தண்ணீராக வைத்திருப்பதும் அது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது இந்த மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரை நெடுக ‘உயிர்வேலி’ என்று சவுக்கு நடப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனால் சவுக்கு ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியா பக்கத்து மரம். மணல்மேட்டின் மேலேயே அதை அடர்த்தியாக நட்டால் நிழலிலும் சருகிலும் அடும்பு போன்ற கொடிகள் ஒடுங்கிவிடும், பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் திறந்த மணலும் குறையும் என்று கடலோரச் சூழலியல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கரையைக் காப்பாற்ற நட்டது, கரையை ஏற்கெனவே காப்பாற்றிக்கொண்டிருந்ததை அமுக்கிவிட்டது. அங்கே முன்பு என்ன கொடி படர்ந்திருந்தது என்று காட்ட எத்தனை ஊர்களில் படம் இருந்திருக்கும்?

‘பீச் கிளீனிங்’ என்ற பெயரிலும் இதே ஆபத்து உண்டு. கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடி சான்றிதழ் கிடைத்த பிறகு, சுத்தமான கடற்கரை மீது மற்ற ஊர்களுக்கும் ஆசை வந்திருக்கிறது. பிளாஸ்டிக்கை எடுப்பது சுத்தம். கொடியையும் சேர்த்து வாரிவிட்டு அந்த இடத்தில் புல்தரை போடுவது சுத்தமில்லை.

சரி, என் போன் போட்டோ எப்படி ஆவணமாகும்?

இந்தக் கரையின் பூக்களைப் படமாகப் பதிவது புதிய பழக்கம் கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்த ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரையின் தாவரங்களை 300 படங்களோடு தொகுத்தார். லண்டனில் 1795 தொடங்கி 1820 வரை மூன்று பெரிய தொகுதிகளாக அது வெளிவந்தது. படங்களை வரைந்தவர்கள் உள்ளூர் இந்திய ஓவியர்கள். ராக்ஸ்பர்க் பெயர் உலகத்துக்கே தெரியும், வரைந்தவர்களின் பெயர் அட்டையில் இல்லை. ஆனாலும் 200 வருடம் கழித்தும், எந்தச் செடிக்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டது என்று சந்தேகம் வந்தால் அந்தப் படங்களைத் திறந்து பார்க்கிறார்கள்.

அன்றைக்கு ஓவியர் செய்ததை இன்று போன் செய்கிறது, கூடவே தேதியையும் இடத்தையும் தானாகக் குறித்துவைக்கிறது. ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற தளங்களில் அந்தப் படத்தை ஏற்றினால், செடி தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். ஐநேச்சுரலிஸ்ட்டில் படம், தேதி, இடம் மூன்றும் இருந்து, பெயரில் மற்றவர்களும் ஒத்துப்போனால் அது ஆய்வுத் தரப் பதிவாகி உலகத் தரவுத்தளத்துக்குப் போகிறது. இன்ஸ்டாகிராமில் ஒரு வாரம் வாழும் படம், இங்கே பத்து வருடம் கழித்தும் தேடினால் கிடைக்கும்.

பருவம் மாறுவதைப் பிடிக்கவும் இதுதான் வழி. கேரளத்தில் கொன்றை, விஷுப் பண்டிகையின் பூ. ஏப்ரல் நடுவில் பூக்க வேண்டியது ஜனவரி, பிப்ரவரியிலேயே பூத்துவிடுகிறது என்ற பேச்சு அங்கே ஒவ்வொரு வருடமும் எழுகிறது. பேச்சை அளவாக மாற்றும் வேலையை ‘சீசன்வாட்ச்’ என்ற மக்கள் அறிவியல் திட்டம் செய்கிறது. பள்ளி மாணவர்களும் ஆர்வலர்களும் ஒரே மரத்தை வாரந்தோறும் பார்த்து இலை, பூ, காய் என்று குறித்து அனுப்புகிறார்கள். உங்கள் தெருக் கொன்றையை ஒவ்வொரு வருடமும் பூத்த முதல் நாளில் ஒரு படம் எடுத்து வைத்தாலே, ஐந்து வருடத்தில் ஒரு வரிசை சேர்ந்துவிடும்.

இதற்குச் சட்டத்திலும் இடம் உண்டு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு’ ஒன்றைத் தயாரிக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் என்ன செடி, என்ன பறவை, யாருக்கு எந்த மூலிகை தெரியும் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் இதற்கு ஆள் தேடி வெளியே போக வேண்டாம். தண்டரையில் இருளர் பெண்கள் மூலிகைத் தோட்டமும் நாற்றங்காலும் வைத்து நடத்துகிறார்கள். செயலி மூன்று பெயரைக் காட்டி யோசிக்கும் செடிக்கு அவர்கள் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, எந்த நோய்க்கு என்றும் சொல்வார்கள்.

பதிவு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரை அரிட்டாபட்டியைப் பார்க்கலாம். 2022 நவம்பரில் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் பற்றிய செய்தி வந்தபோது ஊரே திரண்டது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ரத்து செய்ய வைத்தது மக்கள் போராட்டம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் “அங்க என்ன பெருசா இருக்கு?” என்று கேட்டவர்களுக்குக் காட்ட, பறவைப் பட்டியலும் அரசாணையும் முன்கூட்டியே கையில் இருந்தன. செங்கல்பட்டின் பெயரில்லாத புதர்க்காடுகளுக்கு அந்தத் தாள் இல்லை.

லொகேஷன் போடலாமா?

இங்கேதான் நிதானம் தேவை. ஒரு பூவின் படம் அதைக் காப்பாற்றவும் செய்யும், காலி பண்ணவும் செய்யும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லேக் எல்சினோர் என்ற சிறு நகரத்தை ஒட்டிய வாக்கர் கேன்யனில் 2019 மார்ச் மாதம் ஆரஞ்சு பாப்பிப் பூக்கள் மலையை மூடின. படங்கள் வைரலானதும் ஆயிரக்கணக்கில் கூட்டம். பூவுக்கு நடுவே படுத்துப் போட்டோ எடுத்தார்கள், பாதையை விட்டு இறங்கி நடந்தார்கள், நெடுஞ்சாலை நின்றது, நகர நிர்வாகம் தடுமாறிப்போனது. அடுத்த பெரும் பூப்பு 2023இல் வந்தபோது கூட்டம் வருவதற்கு முன்பே பாதையை மூடிவிட்டார்கள்.

நமக்குத் தென்காசி சுந்தரபாண்டியபுரம் இருக்கிறது. ‘அந்நியன்’ பாறை உள்ள அதே ஊர். சூரியகாந்தி பூக்கும் சீசனில் கேரளத்திலிருந்து வண்டி வண்டியாக வருவார்கள். அது காட்டுப்பூ கிடையாது, ஒரு விவசாயியின் எண்ணெய் வித்துப் பயிர். வரப்பை விட்டு இறங்கி நடக்கும் ஒவ்வொரு காலடியும் யாரோ ஒருவரின் மகசூல். மூணாறின் நீலக்குறிஞ்சிக்கு நிலைமை இன்னும் கறார். 2006இலேயே கேரளம் அதற்கென்று குறிஞ்சிமலைச் சரணாலயம் அமைத்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் அதைப் பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியலில் சேர்த்தது. பறித்துத் தலையில் வைத்து ரீல்ஸ் போட்டால், அந்த ரீல்ஸே சாட்சி.

நம் பக்கம் கூட்டத்தைவிடக் கடப்பாரைக்குத்தான் பயம். செங்காந்தள் கிழங்குக்கும் விதைக்கும் மருந்துச் சந்தையில் விலை உண்டு. எனவே கொன்றை, வேம்பு, அடும்பு போன்ற பரவலான பூக்களுக்கு இடத்தைத் துல்லியமாகப் போடுங்கள், அதில்தான் பயன். காந்தள், தரை ஆர்க்கிட் மாதிரி ஒருவர் தோண்டினால் காலியாகிவிடும் செடிகளுக்கு மறைத்துப் போடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட்டில் இதற்கென்றே வசதி இருக்கிறது. இடத்தைச் சுமார் 20 கி.மீ. சதுரத்துக்குள் எங்கோ என்று மங்கலாக்கிவிடும். துல்லியமான இடம் உங்களிடமும் பதிவிலும் பத்திரமாக இருக்கும். இன்ஸ்டா ஸ்டோரியில் லொகேஷன் டேக் போட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

அழகா இருக்கிறதெல்லாம் நம்ம பூவா?

இல்லை. இந்த இடத்தில் ஆர்வலர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஏரி முழுக்க ஊதாப் பூ விரிந்து கிடக்கிறது என்று எடுத்துப் போடப்படும் படங்களில் பாதி ஆகாயத்தாமரை. தென் அமெரிக்காவிலிருந்து வந்து ஏரிகளின் மூச்சை அடைக்கும் களை அது. புதர்க்காட்டில் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகக் கலந்து சிரிக்கும் உண்ணிச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்காரச் செடியாக இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. இன்று அது நிற்கிற இடத்தில் வேறு செடி எழ முடிவதில்லை. சீமைக் கருவேலம் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடற்கரை மணலில் ரோஸ் நிறத்தில் பூக்கும் நித்தியகல்யாணிகூட மடகாஸ்கர்காரர், என்ன, வம்பில்லாதவர். ஜிஎஸ்டி சாலையின் செம்மயிற்கொன்றைக்கும் அதே ஊர்தான்.

எடுக்க வேண்டாம் என்பதில்லை. சரியான பெயரோடு எடுத்தால் அதுவும் உதவும். அந்நியத் தாவரங்களை அகற்ற 2022இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. எங்கே எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரிந்தால்தான் அகற்றும் வேலை நகரும்.

எங்கே அனுமதி வேண்டும்?

நன்மங்கலம், வண்டலூர் போன்ற காப்புக் காடுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. போட்டோ எடுப்பது இரண்டாவது கேள்வி. வேலிக்கு வெளியே சாலையோரத்தில் நின்றாலே ஆவாரையும் காயாவும் கிடைக்கும். வேடந்தாங்கலில் நுழைவுச் சீட்டோடு கேமராவுக்குத் தனிக் கட்டணம். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அந்த ஏரிக்குப் பறவைக்காகத்தான் எல்லோரும் போகிறார்கள். பறவைகள் உட்காரும் நீர்க்கடம்பின் பூ இரவில் மலர்ந்து விடியலில் சிவப்பு நூலாக உதிரும் என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு.

மாமல்லபுரம் தொல்லியல் சின்னங்களில் போனிலோ கையில் பிடித்த கேமராவிலோ எடுக்கலாம். ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். ட்ரோன் ஆசை இருந்தால் முதலில் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். கல்பாக்கம் அணுமின் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, விளையாட்டாகப் பறக்கவிட்டு மாட்டிக்கொள்ளும் இடம் இது இல்லை. தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். பெரும்பாலும் “எடுத்துக்கோப்பா” என்றுதான் பதில் வரும்.

போன் போதுமா?

தாராளமாக. பலரும் பூவை மட்டும் நெருங்கி எடுத்துவிட்டுப் பெயர் கேட்கிறார்கள். பூ ஒன்று, இலையின் மேல்புறமும் கீழ்ப்புறமும், பட்டையோ தண்டோ, கடைசியாகச் செடி நிற்கும் இடத்தையும் சேர்த்துத் தள்ளி நின்று ஒன்று. அந்தக் கடைசிப் படம் லைக் வாங்காது. ஆனால் அங்கே மணல்மேடு இருந்ததா, புதர் இருந்ததா என்று நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்லப்போவது அதுதான். போனில் கேமராவுக்கு லொகேஷன் அனுமதி ஆனில் இருக்கட்டும். நண்பருக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணப் போட்டோவாக அனுப்பினால் இட விவரம் உதிர்ந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். செயலி சொல்லும் பெயரை அப்படியே நம்பாதீர்கள். இந்தக் கரைச் செடிகளில் அது அடிக்கடி குழம்புகிறது.

நேரம் முக்கியம். கோடையில் முற்பகல் ஏறியதும் கடல்காற்று கிளம்பும், அடும்பு ஆட ஆரம்பித்துவிடும், படம் கலங்கும். அடும்பே வெயில் ஏறினால் சுருங்கிவிடும். ஆகவே காலை ஏழு மணிக்கு மணலில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். புதர்க்காட்டு ஓரம் என்றால் ஷூ கட்டாயம், கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் அதே நிழலைத்தான் தேடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் கடற்கரையில் ஃபிளாஷ் வேண்டாம், ஆமைக் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிவிடும்.

ஏரிப்பக்கம் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. வெள்ளை ஆம்பல் இரவில் விரியும், காலை பத்து மணிக்குள் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். நீல நெய்தல் அதற்குப் பிறகும் பகலில் விரிந்திருக்கும். தாமதமாக எழுந்தவர்களுக்கு நெய்தல் மிச்சம் இருக்கும்.